பாத்திரம் கழுவும் லிக்விட் கிட்: காசு பேஸ்டுக்குக் கொடுங்கள், நானோ பாக்கெட்டுக்கு வேண்டாம்

வீட்டிலேயே பாத்திரம் கழுவும் லிக்விட் செய்துகொள்ளும் கிட் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். கம்பெனி பெயரைப் போடவில்லை. இதே மாதிரி கிட்டை இன்று யார் யாரோ விற்கிறார்கள், உள்ளே இருக்கும் சாமான் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். நான் வாங்கியதில் மட்டும் கூடுதலாக ஒரு சின்ன வெள்ளைப் பாக்கெட் இருந்தது. அதன் மேல் ‘நானோ திக்னர், 2 மடங்கு கெட்டி’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். அந்தப் பாக்கெட் இல்லாத சாதாரணக் கிட்டையும் அவர்களே விற்கிறார்கள், விலை 150 ரூபாய் குறைவு. நான் பெயின்ட் கம்பெனி ஒன்றின் லேபில் வேலை பார்க்கிறவன், எது எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்று அளப்பதுதான் பிழைப்பு. அதனால் ‘2 மடங்கு’ என்று யாராவது எழுதினால் எதைவிட, எந்த வேகத்தில் என்று கேட்காமல் இருக்க முடிவதில்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதியில் எழுந்து போகிறவர்களுக்கு உதவும். கிட் நல்ல கிட். பேஸ்ட் நல்ல பேஸ்ட். நானோ பாக்கெட் தண்டம்.

உள்ளே என்ன இருக்கிறது என்றால், எஸ்.எல்.இ.எஸ் பேஸ்ட் (அழுக்கை எடுக்கும் முக்கியச் சரக்கு), சி.ஏ.பி.பி திரவம் (கைக்கு இதமான துணைச் சரக்கு), உப்பு, எலுமிச்சை உப்பு, கலர், வாசனை, கெட்டுப்போகாமல் இருக்க ஒரு பிரிசர்வேட்டிவ், அப்புறம் அந்தப் பாக்கெட். ஆசிட் ஸ்லரியும் காஸ்டிக் சோடாவும் இல்லை. இதற்கே ஒரு நட்சத்திரம் கூடக் கொடுக்கலாம், ஏனென்றால் பழைய பாணிக் கிட்டுகளில் அவை இரண்டையும் வீட்டு அடுப்படியில் வைத்துக் கலக்கச் சொல்வார்கள், கொதிக்கக் கொதிக்கச் சூடேறும், கையில் பட்டால் புண்ணாகும், பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் அந்த வேலையே ஆகாது. வாசனை சுமார்தான், எலுமிச்சை என்று போட்டிருக்கிறார்கள், கொஞ்சம் பினாயில் பக்கம் சாய்கிறது. கலர் தேவைக்கு மேல். பாதி போட்டால் போதும், இல்லாவிட்டால் ஸ்க்ரப்பர் எல்லாம் பச்சையாகிவிடும்.

செய்முறைத் தாள்தான் மோசம். பேஸ்டைப் பக்கெட்டில் போட்டு அதன் மேல் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றிக் கலக்கச் சொல்கிறார்கள். அப்படிச் செய்தால் கை ஒடிந்துபோகும். இந்தப் பேஸ்ட் கிட்டத்தட்ட 70 சதவீதம் சரக்கு, மீதி தண்ணீர். அந்த அளவில் அதன் மூலக்கூறுகள் அடுக்கடுக்காகப் படுத்திருக்கும், ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும், அதனால் பேஸ்ட் ஓரளவு ஓடும். கொஞ்சம் தண்ணீர் சேர்த்து 60-லிருந்து 30 சதவீதத்துக்குள் கொண்டுவந்தால் அவை நீள உருளைகளாக மாறி நெருக்கமாக அடுக்கிக்கொள்கின்றன, அது கரண்டி நிற்கும் ஜெல். தண்ணீர் ஊற்றினால் இளகும் என்று நினைத்து ஊற்ற ஊற்ற இறுகுவது இதனால்தான். மாற்றிச் செய்யுங்கள்: தண்ணீரை முதலில் முழுதாக எடுத்துக்கொண்டு, அதில் பேஸ்டைச் சின்னச் சின்ன உருண்டையாகப் போட்டு, நுரை எழாமல் மெதுவாகக் கிளறிவிட்டு, ராத்திரி மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் தானாகவே கரைந்திருக்கும்.

கரைந்ததைப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும், தண்ணீர் மாதிரியே ஓடும். எஸ்.எல்.இ.எஸ் மூலக்கூறுக்கு எண்ணெயை விரும்பும் வால் ஒன்றும் தண்ணீரை விரும்பும் தலை ஒன்றும் உண்டு, தலையில் எதிர்மின்னூட்டம். இப்படி வாலும் தலையும் உள்ள பொருளைத்தான் சர்ஃபேக்டன்ட் என்கிறார்கள். தண்ணீரில் இவை வாலை உள்ளே ஒளித்து, தலையை வெளியே காட்டி, சில நானோமீட்டர் அளவுள்ள உருண்டைகளாகக் கூடிக்கொள்ளும். அதுதான் மைசெல். எண்ணெய்ப் பிசுக்கை உள்ளே வாங்கிக்கொண்டு தட்டிலிருந்து கழற்றிப்போவது இதுதான். ஆனால் உருண்டைகள் தனித்தனியாக மிதந்தால் திரவம் கெட்டியாகாது.

இங்கேதான் உப்பு வருகிறது. சாதாரண சமையல் உப்பே போதும். தலைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்த விலக்கத்தை உப்பு மட்டுப்படுத்துகிறது, தலைகள் நெருங்கி உட்கார்கின்றன, உருண்டையாக வளைய வேண்டிய கட்டாயம் போய்விடுகிறது, மைசெல் குச்சியாக நீள்கிறது, இன்னும் உப்பு சேரச் சேர மைக்ரான் கணக்கில் நீளும் புழுவாகிவிடுகிறது. அந்தப் புழுக்கள் பிழிந்து வைத்த இடியாப்பம் மாதிரி ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்போது திரவம் கெட்டியாகிறது. இடியாப்பத்துக்கு இல்லாத குணம் ஒன்று இவற்றுக்கு உண்டு, அறுந்து அறுந்து தாமே ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு குலுக்கினாலும் கலக்கினாலும் வைத்துவிட்டால் பழையபடி ஆகிவிடும். இந்த அறுந்து ஒட்டும் கணக்கை 1987-இல் மைக்கேல் கேட்ஸ் என்ற இயற்பியலாளர் கோட்பாடாக எழுதினார். ஷாம்பூ, ஹேண்ட் வாஷ் எல்லாவற்றின் கெட்டித்தனத்தையும் பேசுகிறவர்கள் இன்றும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

செய்முறைத் தாள் உப்பைப் பற்றி ‘தேவைக்கேற்ப’ என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்கிறது. இது பெரிய குறை. உப்புக்கு ஒரு உச்சம் உண்டு. அதுவரை கெட்டியாகும், அதைத் தாண்டினால் மறுபடி இளகும். உச்சத்துக்கு அப்பால் புழுக்கள் கிளை விட்டுக்கொள்கின்றன, கிளை விட்ட இடங்கள் வழுக்கிக்கொண்டு நகரும், பின்னல் பிடிமானம் இழக்கும். இன்னும் போட்டால் கலங்கிப் பிரியும். இளகிவிட்டதே என்று பதறி இன்னொரு பிடி உப்பு போட்டால் நிலைமை மோசமாகும், அந்த நேரத்தில் தண்ணீரும் பேஸ்டும் சேர்ப்பதுதான் வழி. இந்தக் கிட்டின் அளவுக்கு எனக்கு உச்சம் 2-க்கும் 3-க்கும் நடுவில் ஏதோ ஒரு சதவீதத்தில் வந்தது. சி.ஏ.பி.பி திரவத்திலேயே ஏறக்குறைய 5 சதவீதம் உப்பு இருக்கும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உப்பைத் தனியாகத் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் ஊற்றிக் கலக்கி, குமிழி அடங்கக் காத்திருந்து, பார்த்துவிட்டு அடுத்த கொஞ்சம். அவசரப்பட்டால் உச்சம் எங்கே போனது என்றே தெரியாது.

இதோடு நிறுத்தியிருந்தால் கடையில் வாங்கும் லிக்விட் மாதிரியே கண்ணாடித் தெளிவாக, கெட்டியாக, நல்ல சரக்கு கையில் இருந்தது. ஆனால் 150 ரூபாய் கொடுத்திருக்கிறோமே.

பாக்கெட்டைப் பிரித்தால் பறக்கும் வெள்ளைத் தூள். கையில் எடுத்தால் எடையே இல்லை, மூக்குப் பக்கம் கொண்டுபோனால் தும்மல். என்ன பொருள் என்று பாக்கெட்டில் எங்கும் எழுதவில்லை, ‘நானோ’ என்பதையே பொருளின் பெயராக நினைத்துவிட்டார்கள் போல. வாடிக்கையாளர் சேவைக்கு எழுதிக் கேட்டதில் கடைசியில் சிலிகா என்று பதில் வந்தது. தூளைப் பார்த்தபோதே நினைத்ததுதான், பெயின்டில் வடியாமல் இருக்க நாங்கள் போடும் ஃப்யூம்டு சிலிகா. சிலிக்கான் டெட்ராகுளோரைடைச் சுடரில் எரித்துச் செய்வது. அடிப்படைத் துகள் 10 நானோமீட்டர் சுற்றில் இருக்கும், ஆனால் சுடரிலேயே அவை ஒட்டிச் சங்கிலியாகிவிடும். சாதாரண ரகத்தில் ஒரு கிராம் தூளின் மேற்பரப்பை விரித்தால் 200 சதுர மீட்டர், சென்னைக் கணக்கில் ஒரு கிரவுண்டுக்குக் கொஞ்சம்தான் குறைவு. இது படிக வடிவச் சிலிகா அல்ல, கல் குவாரித் தூசி மாதிரி பயப்பட வேண்டியதில்லை. என்றாலும் இவ்வளவு லேசான தூளை மாஸ்க் இல்லாமல் கொட்டக் கூடாது, அந்த எச்சரிக்கை பாக்கெட்டில் இல்லை.

ஒரே பக்கெட் லிக்விடைப் பிரித்து, ஒன்றில் பாக்கெட் தூளைச் சொன்ன அளவில் கலந்து, இன்னொன்றைச் சும்மா விட்டு, இரண்டையும் லேபுக்கு எடுத்துப் போனேன். எங்களிடம் புரூக்ஃபீல்டு விஸ்கோமீட்டர் இருக்கிறது, திரவத்தில் ஒரு தண்டைச் சுழலவிட்டு எவ்வளவு எதிர்ப்பு வருகிறது என்று காட்டும். வேகத்தை மாற்றி மாற்றிப் பார்க்கலாம். மிக மெதுவாகச் சுழற்றியபோது தூள் போட்டது கொஞ்சம் அதிகமாகக் காட்டியது, அதை மறைக்கவில்லை. 2 மடங்குக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. வேகத்தைக் கூட்டியதும் இரண்டும் ஒன்றாகிவிட்டன. பாட்டிலை அமுக்கி ஸ்க்ரப்பரில் ஊற்றும்போது திரவம் படுவது வேகமான ஓட்டம்தான், ஆகவே உங்கள் கைக்கு வித்தியாசம் தெரியப் போவதில்லை. தெரிகிற வித்தியாசம் வேறு: தூள் போட்டது பால் கலந்த மாதிரி மங்கிவிட்டது, சில நாள் போனதும் பாட்டில் அடியில் வெள்ளை வண்டல். குலுக்கிவிட்டுப் பயன்படுத்தச் சொல்லி அவர்களிடமிருந்து பதில். கெட்டியாக்கத்தானே ஐயா போட்டீர்கள், அதுவே கீழே போய் உட்கார்ந்துகொண்டால் எப்படி?

தப்பு நானோ துகள் மேல் இல்லை, ஜோடி சேர்த்த விதத்தில். எலுமிச்சை உப்பை அளவோடு போட்டால் லிக்விட் நடுநிலைக்குப் பக்கத்தில் இருக்கும், அந்த நிலையில் சிலிகாவின் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் கொண்டது. எஸ்.எல்.இ.எஸ் தலையும் எதிர்மின்னூட்டம். இரண்டும் ஒன்றை ஒன்று தள்ளும், ஒட்டாது. புழு துகளைப் பிடிக்காது, துகள் புழுவைப் பிடிக்காது, பின்னலில் ஒரு முடிச்சும் கூடாது. சி.ஏ.பி.பி கொஞ்சம் போய் ஒட்டலாம், அது போதாது. இன்னொரு பக்கம், நாம் போட்ட உப்பு துகள்களுக்கு நடுவே இருந்த விலக்கத்தையும் குறைத்துவிடுகிறது, அவை தங்களுக்குள்ளேயே திரண்டு கனமாகிக் கீழே இறங்குகின்றன. மைசெல்லுக்கு நல்லது செய்த அதே உப்பு சிலிகாவுக்கு வில்லன்.

மின்னூட்டம் மாறினால் கதையே மாறும். கல்லூரி லேபில் இருக்கும் தோழி ஒருத்தி சி.டி.ஏ.பி என்ற நேர்மின்னூட்டச் சர்ஃபேக்டன்டும் சோடியம் நைட்ரேட்டும் கொடுத்தாள். சி.டி.ஏ.பி சோப்பு ரகம் அல்ல, கண்டிஷனர் ரகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நைட்ரேட் போட்டால் அதிலும் புழு மைசெல் உண்டாகும். அதில் இதே தூளைத் துளி போட்டு நன்றாகச் சிதறடித்தபோது விஸ்கோமீட்டர் முள் ஏறியது, குறைந்த வேகத்தில் நன்றாகவே ஏறியது. சி.டி.ஏ.பி மூலக்கூறுகள் ஓடிப்போய் சிலிகா மேல் இரட்டை அடுக்காகப் படிந்துகொள்கின்றன, துகளே நேர்மின்னூட்டமாக மாறிவிடுகிறது. புழு மைசெல்லுக்கு எப்போதும் சங்கடமான இடம் அதன் இரண்டு முனைகள், அங்கே மூலக்கூறுகள் இஷ்டமில்லாமல் வளைந்து மூடி போட வேண்டும். அந்த முனை துகள் மேல் இருக்கும் அடுக்கில் போய்க் கலந்துவிட்டால் மூடி போடும் செலவு மிச்சம். ஒரு துகளில் பல முனைகள் செருகிக்கொண்டால் அது முடிச்சு. வெறும் பின்னலாக இருந்தது முடிச்சு போட்ட வலையாகிறது, திரவம் இளகி ஓட எடுத்துக்கொள்ளும் நேரம் நீள்கிறது, கெட்டியாகிறது.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் இதே சி.டி.ஏ.பி, நைட்ரேட் கலவையில் 30 நானோமீட்டர் சிலிகா போட்டுப் பார்த்து 2008-இல் எழுதியிருக்கிறார்கள், பாகுத்தன்மை கூடியதைக் காட்டி இந்த முனை ஒட்டும் விளக்கத்தையும் கொடுத்தார்கள். அதற்கு முன்பே 2005-இல் இந்திய இயற்பியலாளர்கள் ரஞ்சினி பந்தோபாத்யாயும் ஏ.கே. சூடும் சி.டி.ஏ.டி என்ற அதன் பங்காளியில் மைக்ரானுக்குக் குறைவான சிலிகா உருண்டைகளைப் போட்டுப் பார்த்தார்கள். அதில் எனக்குப் பிடித்தது, 1.4 சதவீதக் கரைசலில் சிலிகாவும் சர்ஃபேக்டன்டும் கிட்டத்தட்டச் சம எடைக்கு வரும்போது பாகுத்தன்மை உச்சத்துக்குப் போய், அப்புறம் இறங்குகிறது. சர்ஃபேக்டன்டைக் கூட்டக் கூட்ட அந்த உச்சம் குறைந்த சிலிகாவுக்கு நகர்ந்து, ஒரு கட்டத்தில் காணாமலே போய்விடுகிறது. ஆகவே சரியான ஜோடியிலும்கூட அளவு முக்கியம். ஒரு கிராமுக்கு ஒரு கிரவுண்ட் நிலம் வைத்திருக்கிற தூளை அள்ளிக் கொட்டினால், இருக்கிற சர்ஃபேக்டன்ட் எல்லாம் அதன் மேல் படியவே செலவாகிவிடும், புழு கட்ட மிச்சமிருக்காது. ‘முழுப் பாக்கெட்டையும் சேர்க்கவும்’ என்று எழுதியவருக்கு இதை யாராவது அனுப்பி வைத்தால் நல்லது.

இந்த வித்தை நிஜமாகக் காசாகிற இடம் எண்ணெய்க் கிணறு. பாறையை உடைக்க அழுத்தத்தில் அனுப்பும் திரவம் மணலைத் தூக்கிப் போகும் அளவுக்குக் கெட்டியாக இருக்க வேண்டும். வழக்கமாகப் போடுவது கொத்தவரை விதைப் பசை. நாம் பொரியல் செய்யும் அதே கொத்தவரைதான், ராஜஸ்தானிலிருந்து கப்பல் கப்பலாகப் போகிறது. அது உள்ளே கசடு விட்டுவிடும் என்பதால் புழு மைசெல் திரவத்தையும் பயன்படுத்துகிறார்கள், எண்ணெய் பட்டதும் புழுக்கள் உருண்டைகளாக உடைந்து தண்ணீராகி வெளியே வந்துவிடும். சிக்கல், கிணற்றின் சூட்டில் முன்கூட்டியே இளகிவிடுவது. அதைப் பிடித்து நிறுத்த 2000-களின் பிற்பகுதியில் எண்ணெய்க் கிணறு வேலைகள் செய்யும் பேக்கர் ஹியூஸ் கம்பெனியின் பொறியாளர்கள் நானோ துகள்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். அங்கே அந்த 150 ரூபாய்க்கு அர்த்தம் உண்டு. சிங்க்கில் சாம்பார்ச் சட்டி கழுவ இல்லை.

சூடு என்றதும் ஞாபகம் வருகிறது, இந்த லிக்விட் மே மாத மத்தியானத்தில் இளகும். பயந்து உப்பு போடாதீர்கள். வெப்பம் ஏறினால் புழுக்கள் குட்டையாகும், ராத்திரிக்கு மறுபடி நீளும். உப்பின் அளவை முடிவு செய்யும்போது மட்டும் காலை, மத்தியானம் இரண்டு நேரமும் பார்த்துவிடுங்கள்.

இந்தக் கிட் விற்பவர்கள் எல்லோரும் கெட்டித்தனத்தையே காட்டி விற்கிறார்கள், வீடியோவில் கரண்டியிலிருந்து தேன் மாதிரி வடிய விடுகிறார்கள். கெட்டியாக இருந்தால் நன்றாகக் கழுவும் என்பது சும்மா. பிசுக்கை எடுப்பது சர்ஃபேக்டன்டின் அளவு. பேஸ்டைக் குறைத்து உப்பைச் சரியாகப் போட்டால் மட்டமான லிக்விடைக்கூடப் பார்வைக்குக் கெட்டியாக்கிவிடலாம், சில கடைகளில் லூசில் விற்கும் லிக்விடின் ரகசியம் அநேகமாக இதுதான். கெட்டியாக இருப்பதால் உள்ள லாபம் ஒன்றே ஒன்று, ஊற்றும்போது ஸ்க்ரப்பரில் நிற்கும், வழிந்து வீணாகாது. கிட் வாங்கும்போது கேட்க வேண்டியது பேஸ்ட் எத்தனை கிராம், எத்தனை லிட்டருக்கு. இந்தக் கம்பெனி அதில் நியாயமாகவே இருக்கிறது, அளவு பாக்கெட்டில் போட்டிருக்கிறது, கழுவியதில் குறை இல்லை, வீட்டில் ஆட்டுக்கறிக் குழம்புச் சட்டியே சாட்சி. கை அதிகம் வறளவில்லை, அது சி.ஏ.பி.பி புண்ணியம்.

நட்சத்திரம் என்று கேட்டால் சாதாரணக் கிட்டுக்கு 5-க்கு 4, செய்முறைத் தாளைத் திருத்தினால் நாலரை. நானோ கிட்டுக்கு 2. ஏற்கெனவே நானோ கிட் வாங்கியவர்கள் பாக்கெட்டைப் பிரிக்காமல் ஓரமாக வைத்துவிட்டு மற்றதை வைத்துச் செய்யுங்கள், தெளிவான லிக்விட் கிடைக்கும். பிரித்துக் கலந்தாகிவிட்டது என்றால் தூக்கிக் கொட்ட வேண்டாம், கழுவும் சக்தி ஒன்றும் குறையவில்லை, ஊற்றும் முன் பாட்டிலைக் குலுக்கிக்கொண்டால் போதும். பாக்கெட்டை மட்டும் திருப்பி அனுப்பினால் பணம் தருவார்களா என்று கேட்டேன், முழுக் கிட்டாக வந்தால்தான் என்றார்கள்.